நோயில்லாதவர் பக்கம்

நோயாளிகளுக்குப் பஞ்சமே இல்லை, நோயில்லாதவர்கள்தான் கிடைக்கவில்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் பெரிய டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு இதைத்தான் சொன்னார். சின்னவள் அந்த மருத்துவமனையின் நினைவாற்றல் பிரிவில் ஆய்வாளராகச் சேர்ந்து அப்போது இரண்டாவது மாதம். மறதி நோய் வரப்போகிறது என்பதை ரத்தத்தை வைத்தே முன்கூட்டிச் சொல்லிவிட முடியுமா என்று பார்ப்பது அவர்களுடைய ஆய்வு. அதற்கு நோய் உள்ளவர்கள் ஒரு பக்கமும், அதே வயதில் நோய் இல்லாதவர்கள் இன்னொரு பக்கமும் வேண்டும். உள்ளவர்கள் தாங்களாகவே வந்தார்கள். இல்லாதவர்கள் எதற்காக ஒரு முழுப் பகலைத் தொலைத்து, ஊசி குத்திக்கொண்டு, கடகடவென்று சத்தம் போடும் ஸ்கேன் குழாய்க்குள் படுத்துக் கிடக்க வேண்டும்? ஆளாளுக்கு மாமனாரையும் மாமியாரையும் இழுத்து வர ஆரம்பித்தார்கள். ஸ்கேன் எடுப்பவர் தன் ஒன்றுவிட்ட சித்தப்பாவைக் கூட்டி வந்தார். அந்த மனிதர் குழாயைக் கண்டதும், கொடுத்த அங்கியோடு பாதி வராந்தாவரை ஓடிவிட்டார். சின்னவளுக்குக் கல்யாணமே ஆகாததால் மாமனார் மாமியார் என்ற பேச்சுக்கு இடமில்லை. "எங்க அக்கா வருவாங்க சார்," என்றாள். சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அக்காவுக்கும் அவளுக்கும் இருபது வயது வித்தியாசம். அம்மா இவளைப் பெற்றுப் போட்டுவிட்டுச் சில வருஷத்தில் போய்ச் சேர்ந்தாள், அப்பாவும் பின்னாலேயே போனார். வெளியே யாராவது இருவரையும் அம்மாவும் பெண்ணுமா என்று கேட்டால் அக்கா மறுக்க மாட்டாள். "ஆமா, ரொம்பச் சின்ன வயசுலயே பெத்துட்டேன்," என்று சொல்லிவிட்டு நடப்பாள். அக்காவுக்கு ரொம்ப வருஷமாக அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் வேலையாக இருந்தது. காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, உதட்டை லேசாக அசைத்தபடி, பாடப் புத்தகத்திலிருந்து கருமாதிப் பத்திரிகைவரை எல்லாவற்றையும் ஒரே மரியாதையோடு படிப்பாள். சின்னவள் மருத்துவம் முடித்து, வார்டில் சில வருஷம் ஓடி, அப்புறம் முனைவர் பட்டத்துக்கு எழுதத் தொடங்கிய ஆய்வேட்டின் முதல் அத்தியாயங்களையும் ஒரு வரி விடாமல் படித்தாள். ஒரு வரிகூடப் புரியவில்லை. "இந்த வார்த்தை மூணு எடத்துல மூணு விதமா இருக்கு. எது சரின்னு எனக்குத் தெரியாது. ஆனா மூணுமே சரியா இருக்க முடியாது," என்று மட்டும் சொன்னாள்.

பட்டம் வாங்கிய பிறகு அடுத்தது என்ன என்ற கேள்வி வந்தது. வார்டுக்கே திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் வார்டில் இருந்தபோது, பெயரை மறந்துபோன கணவனைக் கூட்டிக்கொண்டு வரும் பெண்களிடம் "வயசானா அப்படித்தாம்மா" என்று சொல்லி அனுப்பி அனுப்பி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. அதைத் தவிர வேறு ஏதாவது சொல்ல வேண்டும் என்ற வெறியில்தான் ஆராய்ச்சிப் பக்கம் வந்தாள். பெரிய டாக்டரின் பிரிவில் ஓர் இடம் காலியானதும் விண்ணப்பித்தாள். பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர் என்று பதவிக்குப் பெயர், பேச்சுவழக்கில் போஸ்ட்டாக். கீழ்வீட்டு அம்மாள் அதைக் கேட்டுவிட்டு, தபால் ஆபீசுக்கெல்லாம் தனியாக டாக்டர் போடுகிறார்களா என்று விசாரித்தாள். அக்கா அதற்கு, ஆமாம், ஸ்டாம்பை நக்கி நக்கி நாக்குப் புண்ணாகிப்போனவர்களுக்கு வைத்தியம் பார்க்கத்தான் என்று முகத்தை மாற்றாமல் பதில் சொன்னாள். மாடிப்படி ஏறும்போது மெல்ல, "படிச்சு முடிச்சப்புறமும் படிச்சுக்கிட்டே இருக்கிறதுக்குப் பேரு வேலையா?" என்று சின்னவளின் முதுகில் தட்டினாள். அன்றைக்கு அந்த வீட்டில் இருந்த சந்தோஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

சோதனைக்கு வந்த நாளில் அக்கா நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வரும் வழியில் பஸ்ஸில், உன் தலைவர் நல்லவரா என்று கேட்டாள். நல்லவர்தான் என்றாள் சின்னவள். சம்மதக் கையெழுத்து வாங்கும்போது, சோதனையில் ஏதாவது தட்டுப்பட்டால் யாரிடம் சொல்வது என்று கேட்பது அங்கே வழக்கம். "என்கிட்டயே சொல்லுங்க. என் தங்கச்சிகிட்ட வேண்டாம். இங்க வந்தும் வீட்டுத் தொல்லையான்னு கோவிச்சுக்குவா," என்றாள் அக்கா. அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள்.

சொந்தக்காரர்களுக்கு ஆய்வாளர் தானே சோதனை செய்யக் கூடாது. ஆகவே அக்காவை உள்ளே அழைத்துப் போனது, கடிகாரப் பொண்ணு என்று எல்லோராலும் கூப்பிடப்பட்ட உளவியல் படித்த பெண். வருகிறவர்களையெல்லாம் காகிதத்தில் கடிகாரம் வரையச் சொல்வதால் வந்த பெயர். அவளுடைய அறைக் கதவு சரியாகச் சாத்தாது. அட்டையை மடித்துச் செருகி வைத்திருப்பார்கள், அது அடிக்கடி விழுந்துவிடும். எதிர் அறையில்தான் ரத்தக் குழாய்களை வைக்கும் உறைபெட்டி. சின்னவள் ஒட்டுக்கேட்கப் போகவில்லை. காலையில் எடுத்த ரத்தத்தை வைக்கப் போனாள். கடிகாரப் பொண்ணு கதை சொல்லிக்கொண்டிருந்தாள். மீன் லாரி ஓட்டும் ஒருவன் மழையில் போகிறான், வழியில் டயர் வெடிக்கிறது, பக்கத்து வீட்டுத் தம்பதி அவனை உள்ளே அழைத்து உலர்ந்த சட்டை கொடுக்கிறார்கள். சின்னவளுக்கு அது மனப்பாடம். அக்கா அதைத் திருப்பிச் சொன்னாள். லாரி வந்தது, மழை வந்தது, டயர் வந்தது. "பாவம், பொண்டாட்டிகூட சண்டை போட்டுட்டுக் கெளம்பியிருப்பான், அதான் டயரைப் பாக்கல," என்று கதையில் இல்லாத பொண்டாட்டியும் வந்தாள். கடிகாரப் பொண்ணு சிரிப்பது கேட்டது. சின்னவள் உறைபெட்டியின் மூடியைச் சாத்திவிட்டுத் தானும் சிரித்துக்கொண்டே போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து அடுத்த குழாய்களோடு திரும்பி வந்தபோது, சோதனை கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. சற்று முன் சொன்ன கதையை மறுபடி சொல்லச் சொல்லும் இடம். உள்ளே காகிதம் புரளும் ஓசை.

"கதையா?" என்றாள் அக்கா. "நீ எங்கம்மா கதை சொன்னே? இப்பத்தானே வந்து உக்காந்தேன்."

கடிகாரப் பொண்ணு, நிதானமாக, லாரி டிரைவர் ஒருவரைப் பற்றிய கதை என்று எடுத்துக்கொடுத்தாள். அப்படி எடுத்துக்கொடுத்தால் சாதாரணமாக எல்லோருக்கும் பாதியாவது திரும்ப வந்துவிடும்.

"எங்க வீட்டுல யாருக்கும் லாரி ஓட்டத் தெரியாதே," என்று அக்கா சிரித்தாள். இந்தத் தடவை அவள் சிரிப்பு மட்டும்தான் கேட்டது.

விவரங்கள் விட்டுப்போவது வேறு. யாருக்கும் போகும். கதை என்று ஒன்று சொல்லப்பட்டதே போய்விடுவது வேறு. அந்த வித்தியாசத்தை விளக்கி ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே எழுதியவள் சின்னவள். அவள் கையிலிருந்த குழாய்கள் வெளிக்காற்று பட்டு வியர்க்கத் தொடங்கின. அவற்றை வைக்க வேண்டிய இடத்தில் வைத்தாள். மூடினாள். முகம் கழுவிக்கொண்டு வந்து வராந்தாவில் நின்றாள்.

அக்கா வெளியே வந்தபோது பரீட்சை எழுதிவிட்டு வரும் பிள்ளையைப் போல முகம் மலர்ந்திருந்தது. கேன்டீனில் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். "படம் போடச் சொன்னா, போட்டேன். எண்ணச் சொன்னா, எண்ணினேன். இதுக்கா இத்தனை வருஷம் படிச்சே?" என்று அக்கா கிண்டல் செய்தாள். டீயை ஊதிக் குடித்தாள். பிறகு சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "உன் தலைவர் நல்லவரா?" என்று கேட்டாள்.

நல்லவர்தான் என்றாள் சின்னவள்.

அன்றிலிருந்து அவளுக்கு வேலை ஓடவில்லை. ஆய்வில் அவளுக்கென்று ஒதுக்கியிருந்த பங்கு, நோயாளிகளோடு வருகிறவர்களிடம் பேசுவது. கணவன், மனைவி, மகள், மருமகள் என்று யாராவது ஒருவர் எதிர் நாற்காலியில் உட்காருவார். முதலில் எப்போது கவனித்தீர்கள் என்று அவள் கேட்பாள். பலரும் விழிப்பார்கள். சிலர், கூடவே இருந்தும் கவனிக்கவில்லை என்று அழுவார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பாள், ஆறுதல் சொல்வாள். ஆனால் உள்ளுக்குள், ஒரே வீட்டில் இருந்துகொண்டு எப்படி ஐயா தெரியாமல் போகும் என்று ஒரு சலிப்பு எழும். இப்போது அந்தக் கேள்வி அவளை விடாமல் துரத்தியது. அக்கா போன வருஷமே அச்சக வேலையை விட்டுவிட்டாள். கண் சரியாகத் தெரியவில்லை என்றாள். சின்னவள் அப்போது ஆய்வேட்டின் கடைசி மாதங்களில் இருந்தாள். அக்காவைக் கூட்டிப்போய் புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தாள். கடமை முடிந்ததென்று மறுபடி மேசையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு மதியம் அனுமதி கேட்டுக்கொண்டு அச்சகத்துக்குப் போனாள். மையும் சூடான காகிதமும் கலந்த அந்த வாசனை சின்ன வயதில் அக்காவின் உடம்பிலிருந்து வரும். முதலாளி அவளை உட்காரவைத்து, இயந்திரச் சத்தம் கேட்காதபடி கதவைச் சாத்தினார். அவருக்குச் சொல்லவே கூச்சமாக இருந்தது. அக்கா ஒரே பக்கத்தைக் காலையிலிருந்து மாலைவரை படித்துக்கொண்டிருப்பாராம். திருத்திய இடத்தையே மறுபடி திருத்திப் பழையபடி ஆக்கிவிடுவாராம். ஒரு நாள் அக்காவே வந்து, போதும் சார், நான் நின்னுக்கறேன் என்று சொல்லி, பென்சிலை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாராம்.

"உங்களுக்கு ஆள் அனுப்பலாமான்னு நெனச்சோம்மா," என்றார் முதலாளி. "அப்புறம், வீட்டுலயே டாக்டர் இருக்காங்க, அவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுதுன்னு விட்டுட்டோம்."

அவள் வணக்கம் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். தெருமுனையில் நின்று வந்த பஸ்ஸையெல்லாம் போக விட்டாள்.

ஸ்கேனும் முடிந்தது. ஒரு நாள் அக்காவை மட்டும் வரச் சொல்லிப் பெரிய டாக்டர் பேசினார் என்பது, அக்கா அறையிலிருந்து வெளியேறி லேசாகச் சுவரைத் தொட்டபடி போவதைச் சின்னவள் பார்த்ததால்தான் தெரிந்தது. மாலையில் பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டார். அவர் கெட்டிக்காரர், ஆனால் இந்த மாதிரிப் பேச்சுக்கு அவருக்கு நாக்கு எழாது. உங்கள் அக்காவை நோயில்லாதவர் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியாது, காரணத்தை நான் சொல்ல முடியாது, அவர்களே சொல்வார்கள், என்று சுவரைப் பார்த்துச் சொல்லி முடித்தார். எத்தனை நாள் வேண்டுமானாலும் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அவள் விடுப்பு எடுக்கவில்லை.

அக்கா சொல்லவில்லை. வயது பொருந்தவில்லையாம், அதனால் என்னைக் கழித்துவிட்டார்கள் என்று ஒரு பொய்யை அலட்சியமாக வீசிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். சின்னவளும் அப்படியா என்றாள். அப்புறம் இருவரும் ஒருவருக்கொருவர் நாடகம் போட்டுக்கொண்டு ஒரே வீட்டில் நடமாடினார்கள். ஒருத்தி மறந்ததை மறைத்தாள், மற்றவள் கண்டதை மறைத்தாள். காய்கறி நறுக்கும் கத்தி துணி அலமாரியில் இருந்தால் சின்னவள் சத்தமில்லாமல் எடுத்துவந்து வைப்பாள். ஒரே விஷயத்தை அக்கா இரண்டாம் தடவை சொல்லும்போது, முதல் தடவை கேட்ட மாதிரியே முகத்தை வைத்துக்கொள்வாள். அது பழகப் பழகச் சுலபமாக வந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில், மாடியில் காய்ந்த போர்வையை இருவரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். நெருங்கி வந்து முனைகளைச் சேர்த்து, விலகிப்போய் இழுத்து, மறுபடி நெருங்கி வர வேண்டிய வேலை. நெருங்கி வந்த ஒரு தடவை அக்கா முனையைக் கொடுக்காமல் நின்றாள்.

"சின்னு, உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்க்கா."

"பெரிய டாக்டரா சொன்னாரு?"

"அவர் சொல்லல. கதவு வழியாக் கேட்டுச்சு."

"முதல்ல அந்தக் கதவைச் சரிபண்ணச் சொல்லு. போறவங்க வர்றவங்க மானமெல்லாம் வெளிய போகுது," என்றாள் அக்கா. சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்தாள். விலகிப் போனார்கள். எதைக் கேட்கக் கூடாது என்று இத்தனை நாள் இருந்தாளோ அதையே சின்னவள் கேட்டாள், எப்போதிலிருந்து தெரியும் என்று. அலுவலகக் கேள்வி. வாயிலிருந்து வந்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

"நீ இந்த வேலைக்கு எழுதிப் போடுறதுக்கு முன்னாடியே," என்றாள் அக்கா. "அச்சாபீஸ்ல ஒரு பக்கம் முடிக்கிறதுக்குள்ள மொதல் வரி போயிரும். வெளிய தெரிஞ்சா நீ எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு என் பக்கத்துலயே உக்காந்துருவே. அதான், உனக்கு வேலை கெடைக்கிற வரைக்கும் எப்படியாவது இழுத்துப் பிடிச்சுரலாம்னு பாத்தேன். கெடைச்சிருச்சு."

"அப்புறம் எதுக்குக்கா சோதனைக்கு ஒத்துக்கிட்டே?"

"ஆள் கெடைக்கலன்னு சொன்னியே." அக்கா போர்வையின் சுருக்கத்தை நீவினாள். "ஒருவேளை பாஸாயிட்டா, எல்லாம் என் பிரமைன்னு நிம்மதியா இருக்கலாம்னு ஒரு நப்பாசையும் இருந்துச்சு."

 போர்வை ஏற்கெனவே மடிக்க வேண்டிய அளவுக்கு மடிந்துவிட்டிருந்தது. இருவரும் அதை இன்னும் சின்னதாக மடித்தார்கள். கடைசியில் அக்காதான் பேசினாள். நோயில்லாதவர் பக்கம் ஓர் ஆள் குறைந்தால் நோயாளிகள் பக்கம் ஓர் ஆள் கூடத்தானே செய்யும், தன்னை அங்கே சேர்த்துக்கொள்ளச் சொல் என்றாள். அதெல்லாம் வேண்டாம் என்று சின்னவள் மன்றாடினாள். அந்த ஆராய்ச்சியால் உனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, நோய் ஒரு துளி குறையாது, வெறுமனே ரத்தம் எடுப்போம், கேள்வி கேட்போம், எழுதி வைத்துக்கொள்வோம், என்றைக்கோ யாருக்கோ பிரயோஜனப்பட்டால் உண்டு என்று சொல்லிக்கொண்டே போனாள். தன் வேலையைப் பற்றி இவ்வளவு உண்மையாக அவள் யாரிடமும் பேசியதில்லை.

அக்கா முழுவதையும் கேட்டாள். "ஊரார் வீட்டு அக்காவையெல்லாம் உக்காரவச்சு இதைத்தானே பண்றே? உன் அக்கான்னா மட்டும் ஆகாதா?" என்றாள். பிறகு போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அப்படித்தான் அக்கா இன்னொரு பக்கத்துக்குப் போனாள். நோயாளிகள் பக்கம் சேர்கிறவர் கூட ஒருவரை அழைத்து வர வேண்டும் என்பது விதி. அழைத்து வருவதற்கு அக்காவுக்கு உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தாள். குறித்த காலையில் சின்னவள் தன் அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, தினமும் தான் உட்காரும் நாற்காலிக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அறை வேறு மாதிரி இருந்தது. ஜன்னல் தெரியவில்லை. கேட்பவருக்குப் பின்னால் இருந்த வெள்ளைச் சுவர் மட்டும் தெரிந்தது. கேள்வி கேட்க வேண்டியவளே பதில் சொல்ல வந்துவிட்டதால், கேட்கும் பொறுப்பு கடிகாரப் பொண்ணிடம் வந்திருந்தது. அவள் தலையை நிமிர்த்தவில்லை. முதலில் எப்போது கவனித்தீர்கள் என்று படிவத்தில் எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்தாள்.

சின்னவள் யோசித்தாள். அக்கா வீட்டில் சொன்னதையே திரும்பச் சொன்ன மத்தியானங்கள் நினைவுக்கு வந்தன. ஒவ்வொரு தடவையும் தான் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ம் கொட்டியதும் நினைவுக்கு வந்தது. "கவனிக்கல," என்றாள்.

எழுதுவதற்கு அப்படி ஒரு பதில் அங்கே கிடையாது. கடிகாரப் பொண்ணு பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். பிறகு மெதுவாக, "ஒரு வருஷம்னு போட்டுக்கட்டுமாக்கா?" என்று கேட்டாள். அவள் சின்னவளை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

போட்டுக்கொள் என்றாள் சின்னவள். மற்றக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

வெளியே வந்து பார்த்தபோது வராந்தாவில் அக்காவை உட்காரவைத்த நாற்காலி காலியாக இருந்தது. கழிப்பறையில் இல்லை. ரத்தம் எடுக்கும் இடத்தில் இல்லை. சின்னவள் நடந்தாள், பிறகு கொஞ்சம் வேகமாக நடந்தாள், வராந்தா திரும்பும் இடத்தில் ஓடவே செய்தாள். லிஃப்ட் திறந்திருந்தது. உள்ளே நாலைந்து பேர் நின்றார்கள், சக்கர நாற்காலியில் ஒரு கிழவர் இருந்தார். பொத்தான்களுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்று, ஒரு கையால் கதவைச் சாத்தவிடாமல் தடுத்தபடி, ஒவ்வொருவரையும் கேட்டுக் கேட்டு அவரவர் மாடிக்கான பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தாள் அக்கா. அவள் அதை அவ்வளவு கச்சிதமாகச் செய்ததால், மருத்துவமனை அவளை அந்த வேலைக்கு வைத்திருக்கிறது என்றே அவர்கள் நினைத்திருக்க வேண்டும். கிழவர் நன்றி சொன்னார். சின்னவள் மூச்சு வாங்க உள்ளே நுழைந்து அவள் அருகில் நின்றாள்.

அக்கா திரும்பி அவளைப் பார்த்தாள். மற்றவர்களைப் பார்த்த அதே மரியாதையான, இதமான பார்வை.

"உங்களுக்கு எந்த மாடிம்மா?" என்று கேட்டாள்.

யாரோ பின்னால் இருமினார்கள். கதவு மூடப் பார்த்து, அக்காவின் கையில் இடித்து, மறுபடி திறந்தது. சின்னவள் அக்காவின் வாயோரத்தையே பார்த்தபடி நின்றாள். இத்தனை வருஷமும் சிரிப்பு முதலில் தொடங்குவது அங்கேதான். அக்காவின் விரல், எரிந்துகொண்டிருக்கும் எண்களுக்கு முன்னால், எதையும் தொடாமல், காத்திருந்தது.